கவலைப்பட்டதால் புற்றுநோய் வருமா?

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், பார்க்க வருகிறவர்கள் வாயில் தவறாமல் வரும் பேச்சு ஒன்று உண்டு. "பாவம், எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே போட்டுப் புழுங்கினார். அதுதான் இப்படிக் கட்டியாக வந்து நிற்கிறது." சொல்கிறவர் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார். ஆனால் படுக்கையில் இருப்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: இந்த நோயை நீயே வரவழைத்துக்கொண்டாய். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, அந்தப் பேச்சில் உண்மை உண்டா? கொஞ்சம் உண்டு. ஆனால் சொல்கிறவர் நினைக்கிற இடத்தில் அது இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரே கேள்வியாகத் தெரிவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நல்ல உடம்பில் மன அழுத்தம் புற்றுநோயைப் புதிதாக உண்டாக்குமா என்பது முதல் கேள்வி. ஏற்கெனவே இருக்கும் புற்றுநோய் வளரவும் பரவவும் அது துணைபோகுமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை வேறு வேறு. செய்திகளில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இரண்டையும் ஒன்றாகக் கலப்பதால் வருவதுதான்.

இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'மன அழுத்தம்' என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். வேலை, கடன், குடும்பச் சிக்கல், நோயாளியைப் பராமரித்தல் போன்ற பாரம் ஒருவரை அழுத்துவதையும் அப்படிச் சொல்கிறோம். எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் சோர்ந்துகிடக்கும் மனச்சோர்வு நோயையும் அப்படியே சொல்கிறோம். இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் முதலாவதைப் பற்றி, அதிலும் நாள்பட்ட அழுத்தத்தைப் பற்றி.

அழுத்தம் உடம்புக்குள் செய்வது

தெருவில் நாய் ஒன்று பாய்ந்து துரத்துகிறது. யோசிப்பதற்கு முன்பே கால்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. அந்த நொடியில் சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. நரம்பு முனைகள் நார்அட்ரீனலினை விடுகின்றன. இதயம் அடித்துக்கொள்கிறது, மூச்சு வேகமாகிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. எதிர்த்து நில் அல்லது ஓடு என்ற இந்த ஏற்பாட்டை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தவர் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன். சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது அலை வருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நாய் திரும்பிப் போனதும் எல்லாம் மெல்ல அடங்கிவிடும்.

நாய் திரும்பிப் போகாவிட்டால்? நாள்பட்ட அழுத்தம் என்பது அதுதான். 1936-இல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிர், காயம், ஓயாத உழைப்பு என்று பலவிதமான வதைகளுக்கு உள்ளாக்கிப் பார்த்தார். வதை எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொன்னது: அட்ரீனல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்குத் தேவையான தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. அழுத்தம் பற்றிய நவீன அறிவியல் தொடங்குவது ஏறக்குறைய இங்கேதான். செல்யேயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னொரு வேடத்தில் திரும்பி வருவார்.

மனிதர்களிடமும் இது வெறும் கற்பனை இல்லை என்பதற்குச் சான்று உண்டு. 1991-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் சளிக்காய்ச்சல் வைரஸ் சொட்டுகளை விட்டார்கள். அதிக அழுத்தத்தில் இருந்தவர்களுக்கே தொற்று அதிகம் பிடித்தது. 1995-இல் வந்த மற்றொன்று, மறதி நோயுள்ள உறவினரைப் பராமரிக்கும் பெண்களின் கையில் சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆற எத்தனை நாளாகிறது என்று எண்ணியது. அதே வயதுடைய மற்றப் பெண்களைவிட அவர்களுக்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகின.

ஆக, அழுத்தம் எதிர்ப்பாற்றலைத் தொடுகிறது. இங்கிருந்துதான் பலரும் ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள்: எதிர்ப்பாற்றல் குறைந்தால் புற்றுநோய் வரும்தானே?

அந்தத் தாவலில் உள்ள ஓட்டை

புற்றுநோய் சளிக்காய்ச்சல்போல வெளியிலிருந்து வந்து ஒட்டுவதில்லை. நம் செல் ஒன்றின் டி.என்.ஏ.வில் பிழைகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. சில பிழைகள் செல்லைக் கட்டுப்பாடில்லாமல் பிரியவைக்கின்றன. சில, பழுதான செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டை முடக்குகின்றன. இதற்கு ஆண்டுகள் பிடிக்கும், பல நேரங்களில் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகும். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறக்குறைய நூறு கோடி செல்கள் இருக்கலாம். ஒரு செல் அந்த எண்ணிக்கையை எட்ட சுமார் 30 தடவை இரட்டிப்பாக வேண்டும். கையில் தட்டுப்படும் கட்டிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது என்று பொருள்.

போன வருடம் கணவர் இறந்தார், இந்த வருடம் மார்பில் கட்டி வந்தது என்று கேட்கும்போது மனம் உடனே இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. கணக்கு இடிக்கிறது. அந்தக் கட்டியின் விதை கணவர் நலமாக இருந்த காலத்திலேயே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எதிர்ப்பாற்றல் வாதமும் பார்க்கிற அளவுக்கு நேரானது இல்லை. உறுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு, புதிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்பாற்றலைப் பல ஆண்டுகள் மருந்தால் அடக்கிவைப்பார்கள். எந்த மன அழுத்தமும் செய்யமுடியாத அளவுக்கு அது அடங்கியிருக்கும். அவர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகம் வருவது உண்மை: நிணநீர்ப் புற்றுநோய், கபோசி சர்கோமா, தோல் புற்றுநோய் போன்றவை. இவற்றில் பல, வைரஸ்களோடு தொடர்புடையவை. ஆனால் பரவலாகக் காணப்படும் மார்பகப் புற்றுநோய் அவர்களிடம் அதுபோல அதிகரிப்பதில்லை. எதிர்ப்பாற்றல் என்பது ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒரே திருகு இல்லை; 'எதிர்ப்பாற்றலைக் கூட்டும்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

மனிதர்களை எண்ணிப் பார்த்தபோது

புற்றுநோயாளியிடம் போய், "கடந்த ஐந்தாண்டில் பெரிய துயரம் ஏதும் உண்டா?" என்று கேட்டால் அவர் கட்டாயம் எதையாவது சொல்வார். நோய் வந்தவர் தன் வாழ்க்கையையே தோண்டித்துருவிக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்; ஆரோக்கியமாக இருப்பவருக்கு அந்தத் தேவை இல்லை, அவர் தன் துயரங்களைப் பாதி மறந்திருப்பார். இருவரையும் ஒப்பிட்டால் நோயாளிக்குத் துயரம் அதிகம் என்றுதான் விடை வரும். இந்த விஷயத்தில் பழைய ஆய்வுகள் பலவும் சறுக்கியது இந்த இடத்தில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எண்களால் எழுதியதுபோல ஆகிவிட்டது.

சரியான வழி தலைகீழானது. நோய் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு எவ்வளவு அழுத்தம் என்று இப்போதே குறித்துவைத்து, பல ஆண்டுகள் காத்திருந்து, யாருக்குப் புற்றுநோய் வருகிறது என்று பார்ப்பது. அலுப்பான வேலை, ஆனால் நம்பத்தகுந்தது. அப்படிச் செய்தவை சிலவற்றைப் பார்ப்போம்.

2013-இல் வெளியான ஆய்வு ஐரோப்பாவின் 12 தொடர் ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. 1,16,000 பேர், சராசரியாக 12 ஆண்டுக் கண்காணிப்பு, 5,700-க்கும் மேற்பட்ட புற்றுநோய்கள். வேலையில் அதிக அழுத்தம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. பெருங்குடல், நுரையீரல், மார்பகம், புராஸ்டேட் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் அப்படியே. 2016-இல் பிரிட்டனில் 1,06,000 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, அழுத்தத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உறுதியான தொடர்பைக் காணவில்லை. 2023-இல் நெதர்லாந்து, பிரிட்டன், நார்வே, கனடா ஆகிய நாடுகளின் 18 ஆய்வுகளைச் சேர்த்து மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஆராய்ந்தார்கள். இந்த முறை கேள்வி மனச்சோர்வும் பதற்றமும் பற்றியது. மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல் எதிலும் தொடர்பில்லை. நுரையீரல் உள்ளிட்ட, புகையோடு தொடர்புடைய புற்றுநோய்களில் மட்டும் கொஞ்சம் கூடுதல் தெரிந்தது. புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்தவுடன் அதில் பெரும்பகுதி கரைந்துபோனது.

என்னை அதிகம் பாதித்தது டென்மார்க் ஆய்வு. பிள்ளையைப் பறிகொடுத்த 21,000-க்கும் மேற்பட்ட பெற்றோர்களை அந்நாட்டுப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, அவர்களுக்குப் புற்றுநோய் வந்ததா என்று தேடினார்கள். அதைவிடப் பெரிய துயரம் எது? துயரம் புற்றுநோயை நேராக உண்டாக்கும் என்றால், அங்கே அது பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். 2002-இல் வந்த முடிவில், தாய்மார்களிடம் மட்டும் சிறு அதிகரிப்பு காணப்பட்டது. அதுவும் குறிப்பாகப் புகைப்பழக்கத்தோடு தொடர்புடைய புற்றுநோய்களில். பிள்ளை போனபின் சிகரெட்டைப் பற்றவைத்த ஒரு தாயை அந்த எண்ணுக்குப் பின்னால் பார்க்க முடிகிறது.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் ஒரு லட்சம் பேரை வைத்து 2017-இல் வந்த ஆய்வு, நெடுங்காலம் அதிக அழுத்தத்தை உணர்ந்தவர்களிடம் சிறிய கூடுதலைக் கண்டது. இப்படிச் சில உண்டு. ஆனால் புகையிலை நுரையீரலுக்குச் செய்வதுபோன்ற, எப்படி அளந்தாலும் கண்ணில் அடிக்கும் விளைவு எதுவும் இங்கே இல்லை.

சுற்றி வரும் பாதை

நேர்ப் பாதை மங்கலாக இருந்தாலும் சுற்றுப்பாதை தெளிவாகவே இருக்கிறது. ஓயாத அழுத்தத்தில் இருப்பவர் என்ன செய்கிறார்? ஒரு சிகரெட் இரண்டாகிறது. மாலையில் கொஞ்சம் மது. தூக்கம் கெடுகிறது, நடைப்பயிற்சி நிற்கிறது, இனிப்பும் எண்ணெயும் கூடுகின்றன, எடை ஏறுகிறது. வருடாந்திரப் பரிசோதனைக்கு நேரமில்லை. மார்பில் ஏதோ தட்டுப்படுவதுபோல இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதில் புகை, மது, உடல் பருமன் ஆகியவை புற்றுநோய்க் காரணங்களாக உறுதிப்பட்டவை. புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவைபோன்ற காரணங்களை மனதில் வைத்துத்தான்.

இங்கே செல்யே திரும்பி வருகிறார். புகையிலை நிறுவனங்கள் அவருடைய ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. அவர் 1969-இல் கனடா நாடாளுமன்றக் குழு முன்னால், புகைப்பது அழுத்தத்தைச் சமாளிக்க உதவும் என்ற போக்கில் பேசினார். அதேபோல லண்டனின் புகழ்பெற்ற உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் சிகரெட் இல்லை, மனிதனின் சுபாவம்தான் என்று எழுதிவந்தார். அவருக்கும் புகையிலைப் பணம் போயிருந்தது. 2019-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி நடத்திய விசாரணை, அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று முடிவுசெய்தது. 'மனம்தான் காரணம்' என்ற கதை யாருக்கு லாபம் என்று பார்த்தால், அது எப்போதும் பரிவிலிருந்து மட்டும் பிறந்ததில்லை என்பது புரியும்.

எலிகள் சொல்லும் வேறு கதை

இப்போது இரண்டாவது கேள்வி. இருக்கும் புற்றுநோயை அழுத்தம் பரவவைக்குமா? தொடக்கத்தில் சொன்ன அந்தக் கொஞ்ச உண்மை ஒளிந்திருப்பது இங்கேதான்.

அமெரிக்காவில் 2006-இல் வெளிவந்த சோதனையில், மனிதச் சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களைச் சுண்டெலிகளுக்குள் வைத்து, அவற்றில் சிலவற்றைத் தினமும் சில மணி நேரம் அசைய இடமில்லாத குறுகிய கூட்டில் அடைத்தார்கள். அடைபட்ட எலிகளில் கட்டிகள் பெருத்தன. கட்டிக்குத் தீனி கொண்டுபோகும் புதிய இரத்தக் குழாய்கள் அதிகம் முளைத்தன. காரணம் நார்அட்ரீனலினும் அட்ரீனலினும். புற்றுநோய்ச் செல்களின் மேல் இந்த ஹார்மோன்கள் வந்து பொருந்தும் பூட்டுகள், அதாவது பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புராப்ரனலால் என்ற பழைய மாத்திரை அந்தப் பூட்டை அடைத்துவிடும். அதைக் கொடுத்ததும் அழுத்தத்தின் விளைவு நின்றுபோனது.

2010-இல் மார்பகப் புற்றுநோய் எலிகளில் செய்த சோதனை இன்னும் விசித்திரமானது. அழுத்தத்துக்கு ஆளான எலிகளில் மூலக் கட்டி பெரிதாக மாறவில்லை; ஆனால் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது 30 மடங்கு கூடியது. அங்கும் புராப்ரனலால் அதைத் தடுத்தது. 2024-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினர் எலிகளில் மற்றொரு வழியைக் காட்டினார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கிருமியைப் பிடிக்கத் தங்கள் டி.என்.ஏ.வையே வலைபோல வீசுவது வழக்கம். அழுத்த ஹார்மோன் தூண்டினால் கிருமி இல்லாமலேயே அந்த வலை நுரையீரலில் விரிகிறது. அலைந்துகொண்டிருக்கும் புற்றுநோய்ச் செல்களுக்கு அது குடியிருப்பாக அமைந்துவிடுகிறது. பரவல் 4 மடங்கு வரை அதிகரித்தது.

படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாய்க்குள் நெருக்கி அடைக்கப்பட்ட எலியின் பீதியும், கடன் தவணையை நினைத்துத் தூங்காத மனிதனின் கவலையும் ஒன்றா? எலியின் கட்டி சில வாரங்களில் வளர்கிறது, மனிதனுடையது ஆண்டுக்கணக்கில். எலிகளில் பலித்த எத்தனையோ மனிதரிடம் பொய்த்துப்போயிருக்கின்றன. ஆகவே மனிதர்களிடம் சோதிக்கிறார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வில், தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயுள்ள 60 பெண்கள் அறுவைக்கு முன் ஒரு வாரம் புராப்ரனலால் அல்லது வெற்று மாத்திரை எடுத்துக்கொண்டார்கள். மருந்து எடுத்தவர்களின் கட்டிகளில், பரவலோடு தொடர்புடைய மரபணுக்களின் வேகம் தணிந்திருந்தது. நல்ல அறிகுறி, ஆயுள் கூடியது என்பதற்கான சான்று அது இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் தாங்களாக வாங்கி விழுங்கிவிடக் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சையே அடைத்துவிடும்.

மனதைத் தேற்றினால் ஆயுள் கூடுமா

1989-இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களில் ஒரு பகுதியினர் வாரந்தோறும் குழுவாக அமர்ந்து மனம்விட்டுப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதங்கள் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதங்கள். ஏறக்குறைய இரட்டிப்பு. 'நேர்மறையாக நினை, நோய் ஓடிவிடும்' என்ற பேச்சுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறகு 2001-இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே திரும்பச் செய்தார்கள். குழுவில் இருந்தவர்கள் 17.9 மாதங்கள், இல்லாதவர்கள் 17.6 மாதங்கள். வித்தியாசமே இல்லை. ஸ்பீகலே மறுபடி செய்து 2007-இல் வெளியிட்டார். மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை என்று அவரே எழுதினார். தன் புகழுக்குக் காரணமான முடிவைத் தானே சோதித்துத் தளர்த்திய மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அதே 2007-இல், தலை மற்றும் கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரை ஆராய்ந்தபோது, மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் அதிக காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

கனடா ஆய்வில் கவனிக்காமல் விடப்படும் பகுதி ஒன்று உண்டு. குழுவில் அமர்ந்த பெண்களுக்கு, குறிப்பாகத் தொடக்கத்தில் அதிகம் தவித்தவர்களுக்கு, மன வேதனையும் உடல் வலியும் குறைந்தன. 17.9 மாதங்களும் 17.6 மாதங்களும் கணக்கில் ஒன்றாக இருக்கலாம். அந்த மாதங்களை வாழ்ந்தவர்களுக்கு ஒன்றாக இருந்திருக்காது.

அழுத்தத்தைக் குறைப்பது இந்தக் காரணத்துக்காகவே போதுமான மதிப்புடையது. ஆயுளைக் காட்டி அதை விற்க வேண்டியதில்லை. சிகிச்சையில் இருப்பவர் அழலாம், பயப்படலாம், எரிந்து விழலாம். அதனால் கட்டி வளர்ந்துவிடும் என்று அழுகையை அடக்கிக்கொண்டு சிரிக்க வேண்டிய அவசியம் கிடையாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கீமோதெரபிக்குப் போகவே மனம் மறுக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாந்திக்கும் வலிக்கும் மருந்து கேட்பதுபோல இதற்கும் கேட்கலாம். புற்றுநோயாளிகளின் மனநலத்தைக் கவனிப்பதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. பேச்சு சிகிச்சை, மூச்சுப் பயிற்சி, யோகா, தேவைப்பட்டால் மாத்திரை என்று அவர்களிடம் பல வழிகள் இருக்கின்றன.

பார்க்கப் போகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒரு நாள் முறை எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை வேளைகளைத் தாளில் எழுதி ஒட்டலாம். அவரைக் கவனித்துக்கொள்பவரை இரண்டு மணி நேரம் தூங்க அனுப்பலாம். காயம் ஆற 9 நாள் கூடுதலாக எடுத்தது அப்படிக் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான்.